தூதும் அவையும்: மீரா குமார் அம்மையார் நடந்த வழி

தூது என்ற சொல்லைக் கேட்டவுடன் தமிழ் கற்றோர் நெஞ்சில் முதற்கண் தோன்றுபவர் அவ்வைப் பெருமாட்டியே ஆவார். தகடூரை ஆண்ட அதியமானுக்காகக் காஞ்சித் தொண்டைமானிடம் தூது சென்று, போர் மூளாதவாறு சொல்வன்மையால் காத்தவர் அவர் என்பதைப் புறநானூறு நமக்கு அறிவிக்கின்றது. அந்தத் தகடூர்தான் இன்றைய தருமபுரி. பெங்களூரிலிருந்து சேலம் செல்லும் இருப்புப்பாதையில் நம்மவர் ஆண்டுதோறும் கடந்து போகும் ஊர். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு பெண்மணியை நம்பி அரசன் ஒருவன் தன் நாட்டின் நன்மையை ஒப்படைத்தான் என்று நாம் மேடைதோறும் பெருமையுடன் பேசி வருகின்றோம்.

ஆயின், விடுதலை பெற்ற பாரத நாட்டில் ஒரு பெண் தூதராவதற்கு எத்துணைத் தடைகள் இருந்தன என்பதை நம்மில் பலர் அறியோம். அத்தடைகளைக் கடந்து தூதுப் பணியில் நின்று, பின்னர் அரசியலில் இறங்கி, மக்களவையின் தலைமை இருக்கையில் அமர்ந்தவர் மீரா குமார் அம்மையார். அவருடைய வரலாற்றையும், அவருக்கு முன் சென்று முள்ளை அகற்றிய மற்றொரு பெருமாட்டியின் வரலாற்றையும் இம்மலரில் நம் குடும்பத்தார்க்குச் சுருங்கச் சொல்ல விழைகின்றோம்.

கதவும் பூட்டும்

விடுதலைக்குப் பின் உலக அரங்கில் பாரதத்தின் குரலாக ஒலித்த பெண்மணி விஜயலட்சுமி பண்டிதர். 1947இல் மாஸ்கோவிற்கும், 1949இல் வாஷிங்டனுக்கும் தூதராகச் சென்ற அவர், 1953இல் ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவையின் தலைவரானார். அப்பதவியில் அமர்ந்த முதற் பெண்மணி அவரே. 1954 முதல் 1961 வரை இலண்டனில் உயர் ஆணையராக இருந்தார். பின்னர் மகாராட்டிர ஆளுநராகவும், 1964இல் பூல்பூர்த் தொகுதியின் மக்களவை உறுப்பினராகவும் விளங்கினார். எனினும் அவர் தேர்வு எழுதிப் பணியில் சேர்ந்தவரல்லர். 1937இலேயே ஐக்கிய மாகாணத்தில் அமைச்சராய் இருந்தவர். அரசியலிலிருந்து தூதுப் பணிக்கு அழைக்கப்பட்டவர். தேர்வு எழுதி, வரிசையில் நின்று, படிப்படியாக உயர விரும்பிய நடுத்தரக் குடும்பத்துப் பெண்களின் நிலை வேறு. அவர்களுக்குக் கதவு திறந்திருந்தது. ஆனால் கதவில் ஒரு பூட்டும் தொங்கியது. அப்பூட்டின் பெயர் திருமணம்.

நமக்கு அண்மையில் உள்ள ஓசூரிலிருந்தே ஒரு சான்று காட்டலாம். 1951ஆம் ஆண்டுத் தொகுதியில் ஆட்சிப் பணிக்குத் தேர்வு பெற்ற அன்னா ராஜம் அம்மையார் சென்னை மாநிலத்தைத் தேர்ந்தெடுத்தார். அன்று முதலமைச்சராயிருந்த இராஜாஜி, ஒரு பெண்ணை ஊராட்சியும் காவலும் சேர்ந்த பொறுப்பில் அமர்த்தத் தயங்கித் தலைமைச் செயலகத்திலேயே பதவி தர முன்வந்தார். அம்மையார் இசையவில்லை. குதிரையேற்றமும் துப்பாக்கிப் பயிற்சியும் பெற்றவர் தாம் என்று வாதாடி, இறுதியில் ஓசூரின் துணை ஆட்சியரானார். பின்னாளில் இராஜாஜியே அவரைப் பாராட்டிப் பேசினார் என்பர். ஆயினும் அவருக்கு வந்த பணி ஆணையில், மணம் புரிந்துகொண்டால் பணி முடிவுறும் என்ற நிபந்தனை இருந்தது. ஆடவர் எவருக்கும் அத்தகைய வரி எழுதப்பட்டதில்லை.

இது நம் நாட்டிற்கு மட்டும் உரிய குறை என்று கொள்ளவேண்டா. பிரித்தானிய அயலுறவுப் பணி பெண்களைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியதே 1946இல்தான். அங்கும் அமெரிக்காவிலும் மணம் புரிந்த பெண் அதிகாரி பணியை விட்டு விலகவேண்டும் என்ற வழக்கம் 1970களின் தொடக்கம் வரை நீடித்தது. எனினும், எழுதப்பட்ட அரசியலமைப்பின் 16ஆம் பிரிவில், அரசுப் பணியில் பால் வேற்றுமை பாராட்டலாகாது என்று 1950லேயே விதித்துக்கொண்ட நாடு நம் நாடு. மேலே சமத்துவம் எழுதி, கீழே விதிகளில் வேற்றுமையை ஒளித்து வைத்த முரண்பாடு நமக்கே உரியதாயிற்று.

குடகு ஈன்ற மகள்

அம்முரண்பாட்டை வழக்குமன்றத்தில் வெளிச்சமிட்டுக் காட்டியவர் கருநாடகத்துக் குடகு மண்ணின் மகளான சி. பி. முத்தம்மா அம்மையார். 1924இல் விராசப்பேட்டையில் பிறந்தார். வனத்துறை அதிகாரியாயிருந்த தந்தையை ஒன்பதாம் வயதில் இழந்தார். தாயார் நான்கு மக்களையும் கல்வியில் குறைவின்றி வளர்த்தார். மடிக்கேரியில் பள்ளிப் படிப்பை முடித்தபின், அம்மையாரின் உயர்கல்வி நம் சென்னையில்தான் நிகழ்ந்தது. பெண்கள் கிறித்தவக் கல்லூரியிலும், மாநிலக் கல்லூரியிலும் பயின்று ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். 1949இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதற் பெண்மணி என்னும் சிறப்பு அவருக்கு உரியது.

சேரும்போதே, மணம் புரிந்துகொண்டால் பணியை விட்டு விலகுவதாக ஓர் உறுதிமொழியில் அவர் கையொப்பமிட வேண்டியிருந்தது. அவர் இறுதிவரை மணம் செய்துகொள்ளவில்லை. பாரிசு, இரங்கூன், இலண்டன் முதலிய நகரங்களில் பணியாற்றி, 1970இல் அங்கேரி நாட்டுத் தூதரானார். பணியினுள்ளிருந்து உயர்ந்து தூதரான முதற் பெண்மணி இவரே. பின்னர் கானா நாட்டிற்கும் நெதர்லாந்திற்கும் தூதராகச் சென்றார்.

இத்துணைத் தகுதி இருந்தும், பணியின் மிக உயர்ந்த நிலைக்கு உயர்வு தரும் வேளையில் அவர் ஒதுக்கப்பட்டார். அவர் உச்சநீதிமன்றத்தை நாடினார். 1961ஆம் ஆண்டு விதிகள் இரண்டு அவ்வழக்கில் எடுத்துக்காட்டப்பெற்றன. ஒன்று, பெண் அதிகாரி மணம் புரியுமுன் அரசின் எழுத்துவழி அனுமதியைப் பெறவேண்டும் என்பதும், மணத்திற்குப் பின் குடும்பக் கடமைகள் பணிக்கு இடையூறாகும் என்று அரசு கருதினால் விலகுமாறு கோரலாம் என்பதும் ஆகும். மற்றொன்று, மணமான பெண் எவரும் இப்பணியில் அமர்த்தப்படுவதை உரிமையாகக் கோர இயலாது என்பது.

1979 செப்டம்பர் 17ஆம் நாள் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் அவர்கள் தீர்ப்பு வழங்கினார். குடும்பப் பொறுப்பு பெண் அதிகாரியின் பணிக்கு இடையூறாகும் என்றால், ஆண் அதிகாரிக்கும் அது பொருந்தும் அன்றோ என்பது அவர் எழுப்பிய வினாவின் சாரம். எல்லாத் தொழிலிலும் எல்லாச் சூழலிலும் ஆணும் பெண்ணும் ஒன்றே என்று அவர் சொல்லவில்லை. வேற்றுமை காட்டவேண்டுமாயின் அதற்கு மெய்யான காரணம் வேண்டும் என்றே சொன்னார். வழக்கு நடந்த காலத்திலேயே அம்மையாருக்குப் பதவி உயர்வு வந்துவிட்டது. ஒரு விதி நீக்கப்பட்டதாகவும் மற்றொன்று நீக்கப்படவிருப்பதாகவும் அரசு அறிவித்தது. ஆகவே மனு தள்ளுபடியாயிற்று. ஏட்டளவில் தோல்வி போலத் தோன்றும் அத்தீர்ப்பே, பின்வந்த பெண்டிர் அனைவர்க்கும் வெற்றியாய் முடிந்தது. பணி விதிகள் முழுவதையும் ஆராய்ந்து வேற்றுமைக் கறையை நீக்குமாறு நீதிமன்றம் அரசுக்கு எடுத்துரைத்தது.

பாபுஜியின் மகள்

இனி மீரா குமார் அம்மையாரிடம் வருவோம். 1945 மார்ச் 31ஆம் நாள் பிறந்த இவர், மக்களால் பாபுஜி என்று அழைக்கப்பெற்ற ஜகஜீவன்ராம் அவர்களின் மகளார். தாயார் இந்திராணி தேவி. தந்தையாரின் வரலாற்றை அறியாமல் மகளின் வரலாற்றை அளத்தல் அரிது.

பீகாரில் ஆரா நகரப் பள்ளியில் ஜகஜீவன்ராம் பயின்றபோது, தாழ்த்தப்பட்ட மாணவர்க்கென்று தனித் தண்ணீர்ப் பானை வைத்தனர். சிறுவன் அதை உடைத்தான். மறுபடி வைத்தனர், மறுபடியும் உடைத்தான். முடிவில் தனிப் பானை வைப்பதே நின்றது. அச்சிறுவன் 1946இல் இடைக்கால அரசின் இளம் அமைச்சரானார். 1971இல் வங்கதேசப் போரின்போது பாதுகாப்பு அமைச்சராயிருந்தார். 1979இல் துணைப் பிரதமருமானார். ஆயினும் 1978இல் அவர் காசியில் சம்பூர்ணானந்தரின் சிலையைத் திறந்து வைத்துச் சென்றபின், சிலை தீட்டுப்பட்டதாகச் சொல்லிச் சிலர் அதைக் கங்கை நீரால் கழுவினர். பாதுகாப்பு அமைச்சர் பதவியும் சாதிக் கொடுமையிலிருந்து ஒருவரைப் பாதுகாக்கவில்லை என்பதை நாடு கண்டது. அவர் மகளும் கண்டார்.

மீரா குமார் தில்லிப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியமும் சட்டமும் பயின்றார். 1968இல் வழக்கறிஞர் மஞ்சுள் குமார் அவர்களை மணந்தார். 1973இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். இவ்விரண்டு ஆண்டுகளையும் அடுத்தடுத்து வைத்து நோக்குக. மணமான பெண்ணுக்கு இப்பணி உரிமையன்று என்ற விதி ஏட்டில் இருந்த காலத்திலேயே மணமான பெண்ணாய் அவர் பணியில் சேர்ந்தார். அரசு விரும்பினால் இடங்கொடுக்கலாம்; விரும்பாவிடின் மறுக்கலாம் என்ற நிலை. உரிமை என்பது வேறு, தயவு என்பது வேறு. ஆறு ஆண்டுகளுக்குப் பின் முத்தம்மா அம்மையார் பெற்றுத் தந்த தீர்ப்புதான் அத்தயவை உரிமையாக்கியது.

ஈண்டு மற்றொரு செய்தியையும் சொல்லவேண்டும். அதே 1973இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்தவர் நிருபமா ராவ் அம்மையார். இவர் நம் பெங்களூரில் பிஷப் காட்டன் பெண்கள் பள்ளியிலும் மவுண்ட் கார்மல் கல்லூரியிலும் பயின்றவர். அவ்விருவரின் வழிகளும் பின்னாளில் பிரிந்தன; ஒருவர் பணியிலேயே நின்று அதன் உச்சியை அடைந்தார், மற்றவர் அரசியலுக்குச் சென்றார்.

தூதகத்திலிருந்து தேர்தல் களத்திற்கு

மீரா குமார் அம்மையார் 1976இல் ஸ்பெயின் நாட்டுத் தலைநகர் மாட்ரிட்டிலும், 1977 முதல் 1979 வரை இலண்டனிலும் பணியாற்றினார். பின்னர்த் தில்லியில் வெளியுறவு அமைச்சகத்தில் இருந்தார். ஸ்பானிய மொழியையும் கற்றார். 1985இல் பணியைத் துறந்து காங்கிரசில் சேர்ந்தார். அக்காலத்தில் அவர் தந்தையாரோ இந்திரா காந்தி அம்மையாரிடமிருந்து பிரிந்து தனிக் கட்சி நடத்திவந்தவர். 1984இல் அக்கட்சியின் பெயராலேயே சாசாராம் தொகுதியில் வென்றவர். தந்தை ஒரு கட்சியிலும் மகள் வேறு கட்சியிலும் நின்றனர் என்பது பலர் மறந்துவிட்ட செய்தி.

1985 டிசம்பரில் உத்தரப் பிரதேசத்துப் பிஜ்னூர்த் தனித்தொகுதியில் இடைத்தேர்தல் வந்தது. போட்டியிட்டவர் மூவரையும் எண்ணிப் பார்த்தால் வியப்பு மேலிடும். ஒருவர் மீரா குமார். மற்றொருவர் பின்னாளில் பலமுறை மத்திய அமைச்சரான இராம் விலாஸ் பாஸ்வான். மூன்றாமவர் பின்னர் நான்கு முறை உத்தரப் பிரதேச முதலமைச்சரான மாயாவதி. அரசியல் அனுபவம் இல்லாத தூதரக அதிகாரியே குறுகிய வாக்கு வேறுபாட்டில் வென்றார். ஏழு திங்களில், 1986 ஜூலையில், தந்தையார் மறைந்தார்.

அதன்பின் வழி மலர் தூவியதாக இருக்கவில்லை. தந்தையின் சாசாராம் தொகுதியில் 1989, 1991 தேர்தல்களில் தோற்றார். 1996இலும் 1998இலும் தில்லிக் கரோல்பாக் தொகுதியில் வென்றார்; 1999இல் அங்கேயே தோற்றார். 2004இல்தான் சாசாராம் அவரை ஏற்றுக்கொண்டது. பெரிய தலைவரின் மகள் என்பதால் எல்லாம் எளிதில் வந்தன என்று சொல்வோர் இத்தோல்விகளையும் கணக்கில் சேர்த்தல் வேண்டும். அதேவேளை, பாபுஜியின் மகளுக்குக் கிடைத்த பள்ளியும், கல்லூரியும், கட்சித் தலைமையின் நோக்கும் அக்குலத்தில் பிறந்த பிற பெண்களுக்குக் கிடைத்தில என்பதையும் நாம் மறைக்கவேண்டா. இரண்டும் உண்மை.

2004 முதல் 2009 வரை அவர் சமூகநீதி அமைச்சராய் இருந்தார். அக்காலத்தில் அவர் துறையின் முயற்சியால் வந்ததே 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பேணல் சட்டம். பெற்றோரைப் புறக்கணிக்கும் மக்களிடமிருந்து, நெடிய உரிமையியல் வழக்கு நடத்தாமல், தீர்ப்பாயத்தின் வழியே திங்கள்தோறும் பராமரிப்புத் தொகை பெற அச்சட்டம் வகை செய்தது. அவ்வாறு ஆணையிடக்கூடிய தொகைக்கு 10,000 ரூபாய் உச்ச வரம்பும் வைத்தது. முதியோரைக் கைவிடுவோர்க்குத் தண்டனையும் விதித்தது. தாய்தந்தையரை ஊரில் விட்டுப் பிழைப்பிற்காக இந்நகரம் வந்த குடும்பத்தார் ஆகிய நாம், இச்சட்டம் ஏன் வேண்டியதாயிற்று என்பதைச் சற்றே எண்ணிப் பார்த்தல் தகும்.

அவையின் தலைமை

2009 ஜூன் 3ஆம் நாள் மீரா குமார் அம்மையார் போட்டியின்றி மக்களவைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவ்விருக்கையில் அமர்ந்த முதற் பெண்மணி அவரே. தாழ்த்தப்பட்ட வகுப்பிலிருந்து அப்பதவிக்கு வந்தவர்களில், ஆந்திரத்துப் பாலயோகிக்குப் பின் அவர் இரண்டாமவர்.

அவர் தலைமை தாங்கிய பதினைந்தாம் மக்களவை அமைதியான அவையன்று. அலைக்கற்றை ஒதுக்கீடு பற்றிக் கூட்டுக்குழு விசாரணை கோரி எழுந்த கூச்சலில் 2010ஆம் ஆண்டுக் குளிர்காலக் கூட்டத்தொடர் ஏறக்குறைய முழுதும் வீணாயிற்று. 2014 பிப்ரவரி 13இல், தெலங்கானா மசோதாவை எதிர்த்த உறுப்பினர் ஒருவர் அவையினுள் மிளகுப்பொடித் தெளிப்பானை வீசிய நிகழ்ச்சி உலகையே திகைக்க வைத்தது. இத்தனைக்கும் இடையே, குரலை உயர்த்தாமல், முறுவல் மாறாமல், உறுப்பினரை அமருமாறு அவர் இந்தியில் மீண்டும் மீண்டும் வேண்டிய காட்சியைத் தொலைக்காட்சியில் நாம் அனைவரும் கண்டோம். இளையோர் அதை வேடிக்கையாகப் போலித்தும் காட்டினர். தூதுப் பணியில் கற்ற பொறுமை அது என்று மெச்சியவரும் உண்டு. அவை வழிதவறும்போது கண்டிப்பும் வேண்டும் அன்றோ என்று கடிந்தவரும் உண்டு. 2014 பிப்ரவரி 18இல் தெலங்கானா மசோதா குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியபோது நேரடி ஒளிபரப்பும் நின்றுபோயிற்று. ஆந்திரத்தார் பலர்க்கு அது ஆறாத மனக்குறையாயிற்று. பெருமையை எழுதும் கை இதையும் எழுதினால்தான் வரலாறு வரலாறாகும்.

2014இலும் 2019இலும் சாசாராமில் அவர் தோல்வியுற்றார். இவற்றிடையே 2017இல் எதிர்க்கட்சிகள் பதினேழு ஒன்றுகூடி அவரைக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நிறுத்தின. எதிரில் நின்ற இராம்நாத் கோவிந்த் அவர்களும் தாழ்த்தப்பட்ட வகுப்பினர். இருவர் சாதியையே ஏடுகள் எழுதி வந்தபோது, இது கொள்கைகளின் போட்டி என்று அம்மையார் வற்புறுத்தினார். வாக்கு மதிப்பில் கோவிந்த் அவர்கள் 7,02,044உம், மீரா குமார் அம்மையார் 3,67,314உம் பெற்றனர். தோல்வி முன்கூட்டியே தெரிந்த போட்டிதான். சென்னையில் பிறந்த கேப்டன் இலட்சுமி அம்மையார் 2002இல் நம் அப்துல் கலாம் அவர்களை எதிர்த்து நின்றதும் அத்தகையதே. வெற்றி கிட்டாது என்று அறிந்தும் ஒரு கருத்துக்காக நிற்பதும் மக்களாட்சியில் ஒரு கடமையாகும்.

2009 என்னும் ஆண்டு

வரலாற்றில் சில ஆண்டுகள் பல இழைகளை ஒன்றாய் முடிக்கின்றன. 2009 அத்தகைய ஆண்டு. ஜூன் திங்களில் முன்னாள் தூதரக அதிகாரியான மீரா குமார் மக்களவைத் தலைவரானார். ஆகஸ்டு முதல் நாள், அவரோடு ஒரே ஆண்டில் பணியில் சேர்ந்த நிருபமா ராவ் வெளியுறவுச் செயலாளரானார். சோகிலா ஐயருக்குப் பின் அப்பதவிக்கு வந்த இரண்டாம் பெண்மணி அவர். ஆகஸ்டு 9ஆம் நாள் நம் அல்சூர் ஏரிக்கரையில், பதினெட்டு ஆண்டுகள் மூடிக் கிடந்த திருவள்ளுவர் சிலை திறக்கப்பட்டது. கன்னடரும் தமிழரும் ஒருவர் கையை ஒருவர் பற்றி நின்ற அந்நாளை நம் குடியிருப்பில் மறந்தவர் இலர். அக்டோபர் 14ஆம் நாள், 85 வயது நிரம்பிய முத்தம்மா அம்மையார் இதே பெங்களூரில் கண்மூடினார். தாம் கையொப்பமிட நேர்ந்த உறுதிமொழியின்றியே பெண்கள் பணியில் சேர்வதையும், அவ்வாறு உயர்ந்தோர் நாட்டின் பெரும் பதவிகளில் அமர்வதையும் கண்ட பின்னரே அவர் சென்றார்.

நாம் கருத வேண்டுவது

விதிப் புத்தகத்திலிருந்த பூட்டு 1979இல் உடைந்தது. ஆனால் நம் இல்லங்களின் வாயிற்படியில் அது இன்னும் தொங்கவில்லையா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளல் நன்று. பெண் பார்க்க வருவோர் "மணத்திற்குப் பின் வேலையை விடுவாளா?" என்று கேட்பதும், பெற்றோர் தலையசைப்பதும் நம் குடியிருப்பில் நடப்பனவே. வெளியூர் மாற்றல் வரும் என்று அஞ்சி மகளைத் தேர்வு எழுதவிடாத தந்தையரும் நம்மிடையே உண்டு. அரசு கைவிட்ட விதியைக் குடும்பம் தொடர்ந்து நடத்துதல் முறையாகுமா? மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் வகுக்கும் 106ஆம் அரசியலமைப்புத் திருத்தம் 2023இல் நிறைவேறியது. அவ்விடங்களில் அமர்வதற்குரிய கல்வியையும் துணிவையும் எந்தச் சட்டத்தாலும் வழங்க இயலாது. அவற்றை இல்லந்தான் வழங்கவேண்டும்.

மத்தியப் பணி முதன்மைத் தேர்வைத் தமிழிலேயே எழுதும் வாய்ப்பு 1979 முதல் உள்ளது. ஆகவே சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். நம் படிப்பகத்தில் அத்தேர்வுகளுக்குரிய நூல்களுக்கென ஓர் அலமாரி ஒதுக்குக. மாலை வேளைகளில் பெண் பிள்ளைகள் அச்சமின்றி அமர்ந்து படிக்க ஓர் அறையும் ஒரு விளக்கும் தருக. முதியோர் சிலர் முறைவைத்து உடனிருந்து துணை செய்க. அடுத்த ஆண்டு மலர் வெளிவருமுன் அவ்வறையில் நான்கு பெண்களேனும் அமர்ந்து படிப்பார்களாயின், இக்கட்டுரை எழுதப்பட்டதன் பயன் நிறைவேறியதாகக் கொள்வோம்.